‘காரணம்’ என்றொரு கட்டம்

வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்திருந்த காலமெல்லாம் என் காதில் அதிகம் விழுந்தது கடனைப் பற்றிய பேச்சோ வட்டியைப் பற்றிய பேச்சோ இல்லை. “தப்பு என்னோடதுதான் சார், எனக்கு இதெல்லாம் தெரியாது” என்பதுதான். பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த நாளில், சலானில் எண்ணால் எங்கே எழுதுவது, எழுத்தால் எங்கே எழுதுவது என்று தெரியாதவர்கள் அப்படிச் சொன்னார்கள். அப்புறம் ஏடிஎம் வந்தது, அட்டை வந்தது, கைபேசியில் ஆறு இலக்க ஓடிபி வந்தது. ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஆட்கள் வந்து அதே வாக்கியத்தைச் சொல்லிப் போனார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மட்டும் சொன்னதாக நினைத்துவிடக் கூடாது. கல்லூரிப் பேராசிரியர் சொன்னார். தாலுகா ஆபீஸ் தலைமை எழுத்தர் சொன்னார்.

கோவில்பட்டிப் பக்கத்துக் கிளை ஒன்றில் நான் இருந்தபோது ஏடிஎம் புகார்களுக்கென்று நீளமான பதிவேடு ஒன்று போட்டிருந்தார்கள். தேதி, கணக்கு எண், தொகை, விவரம், காரணம் என்று பென்சிலால் கோடு கிழித்த கட்டங்கள். ‘காரணம்’ என்ற கட்டத்தில் பக்கத்தின் முதல் வரியில் ‘வா. தவறு’ என்று இருக்கும். வாடிக்கையாளர் தவறு. அதற்குக் கீழே பக்கம் முடியும்வரை மேற்படிக் குறிகள். தணிக்கைக்கு வந்தவர்களும் அதில் பச்சை மையால் ஒரு டிக் போட்டுவிட்டுப் போவார்கள். ஓர் ஊரே தவறு செய்கிறதென்றால் அது எப்படித் தவறாகும் என்ற கேள்வி அந்த மேற்படிக் குறிகளைப் பார்க்கப் பார்க்க எனக்குள் ஊறியது. இதற்கென்றே ஒரு படிப்பு இருப்பது அப்போது தெரியாது.

பதில் ஒரு ஆச்சியிடமிருந்து கிடைத்தது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். மாதாமாதம் கணக்கில் பணம் போடுவார். அட்டையை ஆச்சியிடம் கொடுத்து, எண்ணை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டுத்தான் ஊருக்குப் போயிருந்தார். ஒரு நாள் காலையில் ஆச்சி கவுன்டருக்கு வந்து, சுருக்குப் பையிலிருந்து நாலைந்து துண்டுச் சீட்டுகளை எடுத்து மேஜை மேல் பரப்பினார்.

“எல்லாருக்கும் பணம் குடுக்குதுய்யா. எனக்கு மட்டும் சீட்டத் தருது. நமக்குக் கைராசி இல்ல போல.”

எல்லாமே மினி ஸ்டேட்மென்ட். கணக்கில் பணம் இருந்தது. வாங்க ஆச்சி, போய்ப் பார்க்கலாம் என்று கூட்டிப் போனேன். அட்டையைச் சரியான பக்கம் வைத்துத்தான் செருகினார். எண் அடிக்குமுன், “அங்கிட்டுத் திரும்பிக்கய்யா” என்றார். பதிவேட்டின் கணக்குப்படி இயந்திரம் தெரியாதவர் அவர். வங்கி சுவரொட்டி அடித்துச் சொல்லும் எச்சரிக்கையை என்னைவிடச் சுத்தமாகக் கடைப்பிடித்தார். திரும்பி நின்றேன். எண்ணும் சரியாகவே விழுந்தது. திரையில் தேர்வுகள் வந்தன. திரைக்கு இருபுறமும் வரிசையாக எஃகுப் பொத்தான்கள். ‘பணம் எடுத்தல்’ என்ற எழுத்துக்கு நேரே உள்ளதை அழுத்த வேண்டும். ஆச்சி அதற்கு அடுத்து கீழே இருந்ததை அழுத்தினார். சீட்டு வந்தது.

மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும் கீழ்ப் பொத்தான்தான். நான் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் எழுத்தும் மேல் பொத்தானும் ஒரே கோட்டில் இருந்தன. அவர் ஏன் அதை விட்டுவிட்டுக் கீழே போகிறார்? என்ன தோன்றியதோ, முழங்காலை மடக்கி அவர் உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன். எழுத்து ஒரு படி கீழே இறங்கி, அவர் அழுத்திய பொத்தானுக்கு நேராக வந்து நின்றது! திரை தடித்த கண்ணாடிக்குப் பின்னால் உள்வாங்கி இருக்கிறது. பொத்தான்கள் முன்னால் துருத்திக்கொண்டிருக்கின்றன. கீழேயிருந்து பார்க்கிறவருக்கு எழுத்து கீழ்ப் பொத்தானோடு சேரும், உயரமானவருக்கு மேல் பொத்தானோடு சேரும். ஆச்சியின் விரல் அவர் கண் சொன்ன இடத்துக்குத்தான் துல்லியமாகப் போயிருக்கிறது. நடுத்தர உயரத்துக்கு ஒரு ஆளை மனத்தில் வைத்து எங்கோ யாரோ செய்த பெட்டி அது. கூன் விழுந்த கரிசல்காட்டுக் கிழவி அந்த மனத்தில் இல்லை.

அதை விளக்கிச் சொன்னபோது அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “அப்ப என் கண்ணு சரியாத்தான் இருக்காய்யா?”

அன்று மத்தியானமே காவலாளி, எழுத்து வரும் இடத்திலிருந்து அந்தந்தப் பொத்தானுக்குச் சிவப்பு ஒட்டு நாடாவை மெல்லியதாக வெட்டிக் கோடாக ஒட்டினார். சீட்டு மட்டும் வருகிறது என்ற புகார் அதோடு குறைந்துபோனது. ஆச்சிக்கு யாரும் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை.

இதைப் பற்றி ஒரு புத்தகமே இருக்கிறதென்பது, பயிற்சி வகுப்புக்காகச் சென்னை போயிருந்தபோது மயிலாப்பூர் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் தெரிந்தது. டொனால்ட் நார்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1988இல் எழுதியது. அன்றாடப் பொருள்களின் உளவியல் என்பது அதன் முதல் தலைப்பு. கதவு, குழாய், மின்விளக்குப் பொத்தான், அடுப்பின் திருகு இவைதான் அதில் கதாபாத்திரங்கள். தள்ள வேண்டிய கதவில் இழுக்கும் பிடியை வைத்துவிட்டு, இழுக்கிறவரைப் பார்த்துச் சிரிக்கும் உலகத்தோடு அவர் சண்டை போடுகிறார். கதவு முக்கியமில்லாத விஷயமாகத் தோன்றலாம். ஆனால் நார்மன் இந்த வழிக்கு வந்ததற்குப் பின்னால் 1979இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் நடந்த விபத்து இருக்கிறது. ஊழியர்கள் ஏன் அப்படித் தவறினார்கள் என்று ஆராய அழைக்கப்பட்டவர்களில் அவர் ஒருவர். போய்ப் பார்த்தால், தவறு செய்ய வைப்பதற்கென்றே அமைத்த மாதிரி இருந்தது கட்டுப்பாட்டு அறை.

மனிதர்கள் ஒரு கருவியோடு மல்லுக்கட்டும்போது தங்களையே குற்றவாளியாக்கிக்கொள்கிறார்கள் என்று அந்தப் புத்தகத்தில் படித்த இடத்தில் மேற்கொண்டு நகர முடியவில்லை. எங்கள் பதிவேடு கண் முன் வந்தது.

இந்தச் சிந்தனைக்கு நார்மனுக்கும் முந்திய ஒரு வேர் உண்டு. வாசகர் வட்டங்களில் நான் திரும்பத் திரும்பச் சொன்ன கதை அதுதான். இரண்டாம் உலகப் போர்க் காலம். அமெரிக்க விமானப்படையில் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கி ஓடுதளத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வயிறு தரையில் தேய விழுந்தன. இறங்கியபின் விமானி இறக்கையின் மடிப்புகளை ஏற்ற வேண்டும். அதற்குப் பதில் சக்கரங்களை உள்ளே இழுத்துவிடுகிறார். அறிக்கைகளில் காரணம்: விமானி தவறு. அல்போன்ஸ் சாபனிஸ் என்ற இளம் உளவியலாளர் விமானிகளை விட்டுவிட்டு விமானி அறைக்குள் ஏறிப் பார்த்தார். சக்கரத்துக்கான விசையும் மடிப்புக்கான விசையும் பக்கத்தில் பக்கத்தில், அச்சில் வார்த்தாற்போல ஒரே மாதிரி இருந்தன. வேறு அமைப்புள்ள சி-47 விமானத்தை ஓட்டியவர்களுக்கு இந்த விபத்தே நேரவில்லை. சாபனிஸ் சக்கர விசையின் முனையில் ஒரு சின்ன ரப்பர் சக்கரத்தையும், மடிப்பு விசையின் முனையில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தினார். இருட்டிலும் களைப்பிலும் கையே கண்டுபிடித்துக்கொள்ளும். இன்றைக்கும் நாம் ஏறிப் போகிற விமானத்தின் அந்த விசையின் முனையில் சக்கர வடிவம் இருக்கிறது. 1947இல் பால் ஃபிட்ஸ், ஜோன்ஸ் என்ற ஆய்வாளர்கள் இப்படி ‘விமானி தவறு’ என்று ஒதுக்கப்பட்ட 460 அனுபவங்களைத் திரட்டி ஆராய்ந்தபோது, பெரும் பகுதி கருவிகளின் அமைப்பில் போய் நின்றது.

மேற்படிக் குறிகளுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று யாரோ ஒருவர் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. எனக்கு அது தொழிலாக இல்லாவிட்டாலும் பழக்கமாகிவிட்டது.

தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த நண்பரிடம் ஒரு பெட்டி இருந்தது. ரேஷன் கார்டு, மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் என்று மூலப் பிரதிகள். நகல் கைக்கு வந்ததும் மூலத்தைக் கண்ணாடிக்கு அடியிலேயே விட்டுவிட்டுப் போனவர்களுடையவை. ஏடிஎம்மில் அட்டையை மறப்பதும் இதே வகைதான். வந்த காரியம் முடிந்ததும் மனம் அந்த வேலையை மூடிவிடுகிறது. முடிந்தபின் செய்ய வேண்டியதாக மிஞ்சும் ஒரு படி, மூடிய கதவுக்கு வெளியே நின்றுவிடுகிறது. மைக்கேல் பைர்ன், சூசன் போவெய்ர் என்ற இருவர் 1997இல் இதை ஆய்வுக்கூடத்தில் வைத்துக் காட்டினார்கள். செய்ய வேண்டியது தெரிந்தவர்களே இதில் விழுகிறார்கள், அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தீர்வு வரிசையை மாற்றுவது. முதலில் அட்டையைக் கொடு, பிறகு பணத்தைக் கொடு. பணத்தை விட்டுவிட்டு யாரும் கிளம்ப மாட்டார்கள். ‘அட்டையை மறக்காதீர்கள்’ என்று நாங்கள் ஒட்டிய அறிவிப்புகள் சாதிக்காததை அந்த வரிசை மாற்றம் சாதித்தது.

நாலு இலக்க ரகசிய எண்ணின் கதை எனக்குப் பிடித்தமானது. 1967 ஜூன் 27 அன்று லண்டனை ஒட்டிய என்ஃபீல்டில் முதல் பணம் வழங்கும் இயந்திரம் திறக்கப்பட்டது. அதை உருவாக்கிய ஜான் ஷெப்பர்ட்-பேரன் பிறந்தது நம் ஷில்லாங்கில். அப்போது பிளாஸ்டிக் அட்டை கிடையாது, லேசான கதிரியக்கப் பொருள் ஏற்றிய காசோலையைத்தான் செருக வேண்டும். ஆறு இலக்கம் வைக்கலாம் என்பது அவர் எண்ணம், ராணுவத்தில் அவருக்கிருந்த எண் அந்த நீளம். சமையலறை மேஜையில் மனைவியிடம் கேட்டாராம். நாலுக்கு மேல் நினைவில் நிற்காது என்றார் மனைவி கரோலின். அதனால் நாலு ஆனது என்று பிற்பாடு அவரே சொன்னார். ஒரு பெண்மணி ‘என்னால் முடியாது’ என்றபோது ‘கற்றுக்கொள்’ என்று சொல்லாமல் இயந்திரத்தைக் குறைத்துக்கொண்ட அந்த மேஜைப் பேச்சை நான் மிகவும் மதிக்கிறேன். ஓடிபி திரையின் உச்சியில் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்து போக, பாதி எண்ணோடு தவிக்கும் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அந்த மேஜைக்கு அவர்களையும் கூப்பிட்டிருக்கலாம்.

ஓய்வு பெற்றபின் எங்கள் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இவற்றைப் பேச ஆரம்பித்தேன். முதல் கூட்டத்தில் புத்தகச் சொற்களாகப் பேசினேன். முகங்களில் மரியாதை இருந்தது, ஒட்டுதல் இல்லை. அடுத்த கூட்டத்தில் சுவரில் இருந்த சுவிட்ச் போர்டைக் காட்டி, “நூலகரைத் தவிர யாராவது ஒருவர் வந்து என் தலைக்கு மேலே இருக்கிற ஃபேனை மட்டும் போடுங்கள்” என்றேன். ஒரே வரிசையில் பத்துப் பன்னிரண்டு சுவிட்சுகள். முதலில் வந்தவர் வாசல் விளக்கைப் போட்டார். அடுத்தவர் மூலையில் இருந்த ஃபேனை. சிரிப்புக்கிடையே ஒருவர் சொன்னார்: “எங்க வீட்லயே நான் இன்னும் தடவித்தான் போடுறேன்.” அதன்பின் பேச்சு தானாக ஓடியது. ஃபேன்கள் கூரையில் எந்த வரிசையில் தொங்குகின்றனவோ அதே வரிசையில் சுவிட்சுகளை அமைத்தால் போதும், மனப்பாடமே வேண்டாம் என்று ஒரு மின்பணியாளரே எழுந்து சொன்னார். பொத்தானுக்கும் அது இயக்கும் பொருளுக்கும் இருக்க வேண்டிய பொருத்தம் பற்றி நார்மன் எழுதியிருப்பது அதுதான்.

இயந்திரத்தின் முன்னால் கடைசியாக எப்போது உங்களை நீங்களே திட்டிக்கொண்டீர்கள் என்று ஒரு முறை எல்லோரையும் கேட்டேன். கூட்டம் ராத்திரிவரை நீண்டது. லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தியவர் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். சட்டைப் பையில் போன் நடுங்குகிற மாதிரி இருக்கிறதாம். கையை வைத்தால் பையில் போனே இல்லை, மேஜையில் கிடக்கிறது. நரம்புத் தளர்ச்சியோ, இதயக் கோளாறோ என்று மாதக்கணக்கில் பயந்து, வீட்டில்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறார். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு மருத்துவமனையின் ஊழியர்களிடம் இதையே கேட்டு 2010இல் வெளியிட்டார்கள், பதில் சொன்ன 169 பேரில் 115 பேருக்கு இந்த அனுபவம் இருந்தது என்றேன். அழைப்பைத் தவறவிடக் கூடாது என்று காத்திருக்கும் மூளை, துணி உரசுவதையும் தசை துடிப்பதையும் அழைப்பு என்று எடுத்துக்கொள்கிறது. வேறு உபாதை ஏதும் இருந்தால் டாக்டரைப் பாருங்கள், இது மட்டும் என்றால் உங்களோடு நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது, இந்த விஷயங்கள் ஆய்விதழ்களுக்குள்ளேயே கிடப்பது எவ்வளவு அநியாயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதே கூட்டத்தில் பொறியியல் படிக்கும் பெண் ஒருத்தி பேசினாள். “பெரியவங்க எல்லாம் தெரியலன்னு சொல்றீங்க சார். எனக்குத் தெரியும். ராத்திரி பத்து மணிக்கு ரீல்ஸ் எடுத்தா ஒண்ணு ஒண்ணரை ஆயிடுது. எனக்குத்தான் மனக்கட்டுப்பாடு இல்ல.”

எனக்குச் சுருக்கென்றது. தாத்தா பாட்டி ‘எனக்குப் படிப்பில்லை’ என்று சொன்ன அதே இடத்தில் பேத்தி ‘எனக்குக் கட்டுப்பாடில்லை’ என்று நிற்கிறாள். அவள் கையில் இருக்கும் அந்த அமைப்புக்குப் பின்னால் என்ன உழைப்பு இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளைச் சொன்னேன். கொத்தினால் தீனி விழும். இத்தனை கொத்துக்கு ஒரு தீனி என்று கணக்காக விழுந்தால் புறா தின்றுவிட்டுச் சற்று ஓய்கிறது. எப்போது விழும் என்று தெரியாமல் விழுந்தால் ஓயாமல் கொத்துகிறது. தீனி நின்றுபோன பிறகும் வெகுநேரம் கொத்துகிறது. ஸ்கின்னரும் சக ஆய்வாளர் ஃபெர்ஸ்டரும் இதை 1957இலேயே பெரிய நூலாக எழுதிவிட்டார்கள். சூதாட்ட இயந்திரம் இதில்தான் ஓடுகிறது. விரலால் தள்ளத் தள்ள ஒன்று சப்பென்று, அடுத்தது சிரிப்பாக, அதற்கடுத்தது கண்ணில் நீர் வரும்படி வருகிறதே, அந்த ஒழுங்கின்மையும் இதே வகை.

இன்னொன்றும் சொன்னேன். முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் முடியும், ‘அடுத்த பக்கம்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். போதுமா என்று மனம் தன்னைக் கேட்டுக்கொள்ள அங்கே ஒரு நொடி கிடைக்கும். 2006இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் அந்தப் பொத்தானை எடுத்துவிட்டு முடிவில்லாமல் உருளும் பக்கத்தை உருவாக்கினார். வசதிக்காகத்தான் செய்தார். பின்னால் அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். நிறுத்துவதற்கான இடத்தை எடுத்துவிட்டு, நிறுத்தவில்லையே என்று ஒரு பிள்ளையைக் கேட்பது நியாயமில்லை.

அப்படியானால் நமக்குப் பொறுப்பே கிடையாதா என்று தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அம்மையார் கேட்டார். சரியான கேள்வி. உண்டு. போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுப்பது அந்தப் பெண்ணின் கையில்தான் இருக்கிறது. ஆனால் அதை அவள் குற்றவுணர்ச்சியோடு செய்வது வேறு, தன் எதிரே இருப்பது என்னவென்று தெரிந்து செய்வது வேறு. தன்னை நொந்துகொள்கிறவர் இரண்டு நாள் வைராக்கியமாக இருப்பார், மூன்றாம் நாள் உடைந்துபோய் இன்னும் அதிகமாகத் தன்னை வெறுப்பார். காரணம் தெரிந்தவர் அலாரத்துக்கு ஒரு கடிகாரம் வாங்கிக்கொள்வார்.

இப்படித் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது பண விஷயத்திலும் நடக்கிறது. எனக்கு நெருக்கமான ஒரு ஆசிரியை பழைய கட்டில் ஒன்றை விற்க இணையத்தில் விளம்பரம் கொடுத்தார். ஒருவன் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டான். “பணம் அனுப்பியிருக்கேன் மேடம், போன்ல வந்திருக்கும், பின் நம்பர் போட்டீங்கன்னா உங்க கணக்குல ஏறிடும்” என்றான். போட்டார், ஏறுவதற்குப் பதில் இறங்கியது. அவர் வெகுநாள் வெளியே தலைகாட்டவில்லை. “இவ்வளவு படிச்சும் முட்டாளா இருந்திருக்கேனே” என்று அழுதார்.

அவர் முட்டாளில்லை. இந்த இடத்தில் நிதானமாக யோசிக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க ஒரு வங்கி அவருக்கு என்ன பழக்கியிருக்கிறது? பணம் வேண்டுமா, கையெழுத்துப் போடு. ஏடிஎம்மில் பணம் வேண்டுமா, ரகசிய எண்ணைப் போடு. எண்ணைப் போட்டால் பணம் கைக்கு வரும் என்று வருடக்கணக்கில் விரலுக்குச் சொல்லிக்கொடுத்தது நாங்கள்தான். 2016இல் யுபிஐ வந்தது. அதில் எண்ணைப் போட்டால் பணம் போகும், பணம் வருவதற்கு எதுவுமே போட வேண்டாம். அதே பெயர், அதே நாலோ ஆறோ இலக்கம், பொருள் மட்டும் தலைகீழ். அதற்கு மேல், ஒருவர் மற்றொருவரிடம் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை, பார்க்கிறவருக்குப் பணம் வந்த செய்தி போலவே தோன்றியது. மோசக்காரனுக்கு உளவியல் பட்டம் தேவைப்படவில்லை. நாங்கள் ஏற்கெனவே போட்டுவைத்த தடத்தில் அவன் நடந்து போனான்.

‘பணம் பெற பின் தேவையில்லை’ என்று வருடக்கணக்கில் விளம்பரம் செய்தார்கள். குறுஞ்செய்தி அனுப்பினார்கள். மோசடி நின்றபாடில்லை. கடைசியில் யுபிஐயை நடத்தும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகமே, தனிநபர் ஒருவர் இன்னொரு தனிநபருக்கு இப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தியது. சாபனிஸ் ரப்பர் சக்கரம் பொருத்திய மாதிரியான வேலை இது, தாமதமாக வந்தாலும் வரவேற்கத் தக்கது. செய்தி வந்த அன்றே அந்த ஆசிரியைக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினேன். “அப்ப என்னை மாதிரி நிறையப் பேரா?” என்றார். நிறையப் பேர் டீச்சர், அதனால்தான் எடுத்தார்கள் என்றேன்.

இன்னொன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், இது கிராமத்தில் நடந்தது. வங்கி முகவர் ஒருவர் கையடக்கக் கருவியோடு வந்து, ஆதார் ரேகை வாங்கி நூறு நாள் வேலைக் கூலியை வினியோகிப்பார். பழக்கத்தின் பேரில் நானும் போய் உட்கார்ந்திருந்தேன். வரிசையில் பலருக்கு ரேகை விழவில்லை. தீப்பெட்டிக் கட்டை அடுக்கியும், மண்வெட்டி பிடித்தும் தேய்ந்த விரல்கள். ஒரு அம்மா முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தார். விழவில்லை. “என் கையி அப்படிய்யா, தேஞ்சு போச்சு. அடுத்தாளப் பாருங்க” என்று தானே ஒதுங்கினார். கருவி ஒரு சொல் பேசவில்லை, அந்த அம்மா கைக்காக மன்னிப்புக் கேட்கிறார்.

எல்லோரும் பெருவிரலையே வைக்கிறார்கள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கிறது. கருவி எந்த விரலையும் ஏற்கும். பெருவிரல் வேண்டும் என்று எந்த விதியும் கேட்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பத்திரத்திலும் பதிவேட்டிலும் கைநாட்டு வைத்துப் பழகிய ஊர் இது. ‘ரேகை வை’ என்றால் பெருவிரல் தானாக நீள்கிறது, முகவரும் அதையே பிடித்து அழுத்துகிறார். வேலை செய்கிற கையில் தேய்கிற விரல்களில் அதுவும் ஒன்று. மோதிர விரலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு வலது கையில் விழவில்லை, இடது கை மோதிர விரலில் விழுந்தது. பின்னால் நின்ற பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, பெருவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் விழுந்துவிடவில்லை. இரண்டு பேருக்குப் பத்தில் ஒன்றுகூட எடுபடவில்லை, அவர்கள் கிளைக்கு வந்து கையெழுத்து அத்தாட்சியில் பணம் வாங்க எழுதிக்கொடுத்தேன். மற்றவர்களுக்கு அன்றே கூலி கிடைத்தது.

முகவர் சுறுசுறுப்பான பையன். அடுத்த வாரம் போனபோது அவருடைய நோட்டில் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் புதிதாக ஒரு கட்டம் போட்டிருந்தார். அதில் எந்தக் கை, எந்த விரல் என்று எழுதியிருந்தது.